சித்தப்பாவின் தொப்பை

எங்க பக்கம் ஆம்பளைக்குத் தொப்பை விழுந்தா யாரும் கவலைப்பட மாட்டாங்க. "நாலு காசு சேந்துடுச்சாட்ட இருக்குது"ன்னு சிரிப்பாங்க, அவ்வளவுதான். மண்டியில மஞ்சள் விலை ஏறின வருஷம் எதுன்னு ஊருக்குள்ள வயிறுகளைப் பாத்தே சொல்லிடலாம். எங்க சித்தப்பாவோட வயிறு ஒண்ணரை வருஷமா முன்னால வந்துட்டே இருந்தப்ப ஊர் பேசினதும் அதைத்தான். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, கடன் தீந்தாச்சு, மனுசன் சாப்பிட்டுத் தூங்கறாருன்னு.

ஆனா அவர் சாப்பிடவே இல்லை. நாலு இட்லி சாப்பிடறவர் ரெண்டோட வட்டலை நகத்திடுவார். "வயிறு நெம்பிக்குது சாமி"ம்பார். டவுன்ல பாத்த டாக்டர் கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்தார். மூணு மாசம் அது போச்சு. அப்புறம் இடது தொடையில முன்பக்கம் மரத்துப் போகுதுன்னு சொன்னார். வாய்க்கால் மேட்டுல ஏறி இறங்கறவருக்கு 62 வயசுல முட்டி தேயாதா, நரம்பு இழுக்காதான்னு அதுக்கு ஒரு தைலம்.

அவருக்கு இடுப்புல அரணாக்கயிறு உண்டு. ஒரே வருஷத்துல மூணு தடவை கயிறு மாத்தினார்ங்கறதை எங்க சின்னம்மா பின்னாடி ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துட்டுச் சொன்னாங்க. கயிறு நீளமாகிட்டே போச்சு. அதே நேரத்துல கைக்கடிகாரம் மணிக்கட்டுல நிக்காம முழங்கைப் பக்கம் ஓடும். மண்டித் தராசுல ஏறி நின்னா எடை மட்டும் அப்படியே 68 கிலோ. கை கால்ல குறைஞ்சதும் வயித்துல கூடினதும் ஒண்ணுக்கொண்ணு சரிக்கட்டிட்டிருந்திருக்கு. எடை குறையலைன்னா சீக்கு இல்லைங்கறது எங்க ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கு இந்த நோய்கிட்ட செல்லாது.

கண்டுபிடிச்சது பெரிய டாக்டர் யாருமில்லை. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாப்பாங்க இல்லீங்களா, அதுல ஒரு பிசியோதெரபி தம்பியும் வருவார். தை மாசம், தழை அறுப்பு முடிஞ்சு மஞ்சள் வெட்ட ஆள் தேடிட்டிருந்த நேரம். தொடை மரத்துப் போகுதுன்னு சொன்னதும் அந்தத் தம்பி சித்தப்பாவைக் கயித்துக் கட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சு, காலை மடக்கி நெஞ்சுப் பக்கமாத் தள்ளிப் பாத்தார். தொடை பாதியிலயே நின்னுடுச்சு. வயித்து மேல கையை வெச்சு அமுத்தினார். கொழுப்புன்னா படுத்ததும் ரெண்டு பக்கமும் வழிஞ்சு தட்டையாகணும். இது இடது பக்கம் அப்படியே மேடா நின்னுது. "பெரியவரே, இது தொப்பை இல்லீங்க. நாளைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க"ன்னார். குரலை ஏத்தவும் இல்லை, இறக்கவும் இல்லை. அந்தத் தம்பிக்கு நாங்க என்ன செஞ்சாலும் தகும்.

கோபியில அல்ட்ராசவுண்டு எடுத்தோம். பெரிய கட்டி, எங்கிருந்து கிளம்புதுன்னு சொல்ல முடியலைன்னு எழுதியிருந்தாங்க. அடுத்த நாள் ஈரோட்டுல சி.டி. ஸ்கேன். அதுக்கு முன்னாடி ரத்தத்துல கிரியேட்டினின் பாத்தாங்க. நரம்புல ஏத்தற மருந்தைக் கிட்னி வெளியேத்தணும், அதுக்காக. ஸ்கேன் ரிப்போர்ட்டுல 26 சென்டிமீட்டர்னு இருந்துது. நான் வீட்டுக்கு வந்து பிள்ளைங்களோட ஸ்கேலை எடுத்து வயித்து மேல வெச்சுப் பாத்தேன். பள்ளிக்கூட ஸ்கேல்ல நாலு சென்டிமீட்டர்தான் மிச்சம்.

அவ்வளவு பெரிசு உள்ள இருந்தும் எப்படி ஒருத்தர் களை எடுத்துட்டு, வண்டி ஓட்டிட்டு இருந்தார்? எனக்கு அது ரொம்ப நாள் விளங்கலை. படம் வரைஞ்சு காட்டினப்பதான் புரிஞ்சுது. குடல், இரைப்பை எல்லாம் ஒரு பைக்குள்ள இருக்குன்னு வெச்சுக்குங்க. அந்தப் பைக்குப் பின்னால, முதுகெலும்புக்கு முன்னால ஒரு இடம் இருக்கு. கிட்னிகள், பெரிய ரத்தக் குழாய்கள், காலுக்குப் போற நரம்புகள் எல்லாம் அங்கதான். மிச்ச இடத்துல கொழுப்பு. டாக்டர்கள் அதை ரெட்ரோபெரிட்டோனியம்னு சொல்றாங்க. கையிலயோ காலிலயோ எலுமிச்சம்பழம் அளவு கட்டி வந்தாலே தெரிஞ்சுடும். இங்க பூசணிக்காய் அளவு வளந்தாலும் குடல் சத்தமில்லாம ஒதுங்கி வழி விட்டுடுது. வலி இல்லை, ரத்தம் போகலை, அடைப்பு இல்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நெம்பறது, தொடை மரத்துப் போறது, வேட்டி இறுக்கமாகறது, இதுதான் அது காட்டற அடையாளம். சித்தப்பாவோட இடது கிட்னி பக்கவாட்டுல இருக்க வேண்டியது, நடு வயித்துக்கு நகந்து வந்திருந்துது.

ரிப்போர்ட்டோட ஒரு சர்ஜனைப் போய்ப் பாத்தோம். நல்ல கைராசிக்காரர்னு பேர். படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "புதன்கிழமை அட்மிட் ஆயிடுங்க, திறந்து எடுத்துடலாம். என்ன கட்டிங்கிறதை அப்புறம் பரிசோதனைக்கு அனுப்பிக்கலாம்"ன்னார். என் தங்கச்சி வீட்டுக்காரர், திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற மாப்ள, அப்பவே பணம் கட்டறதுக்கு எழுந்துட்டார். குத்தம் சொல்லலை. உள்ள அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா யாருக்கும் இன்னைக்கே அது வெளிய போனாத் தேவலைன்னுதான் தோணும்.

ஸ்கேன் சென்டர்ல ரிப்போர்ட் எழுதின டாக்டர் கடைசி வரியில ஒண்ணு போட்டிருந்தார். சார்கோமாவா இருக்கலாம், அதைப் பாக்கற குழு இருக்கற இடத்துக்கு அனுப்பவும்னு. அந்த ஒரு வரியைப் பிடிச்சுட்டுத்தான் நாங்க ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல சண்டை போட்டோம். ஒரம்பரை சனமெல்லாம் வந்துடுச்சு. பெரியத்தை, "கட்டியில ஊசி குத்தினா கலைஞ்சு ஒடம்பெல்லாம் ஓடிரும், குளவிக்கூட்டைக் கலைக்கற மாதிரி"ன்னு அழுதாங்க. பங்காளி ஒருத்தர், கத்தியே வெக்காம லேகியத்துல கரைக்கறவர் ஒருத்தர் இருக்கார்னார். மாப்ள புதன்கிழமையையே பிடிச்சுட்டு நின்னார். சித்தப்பா திண்ணையில உக்காந்துட்டு, எட்டாம் நம்பர் விதை மஞ்சளை ஓலை போட்டு மூடினீங்களான்னு கேட்டுட்டு இருந்தார். கடைசியில சின்னம்மாதான், "புதன் போனா வியாழன் வரும். அவிய எழுதியிருக்கற எடத்துக்குப் போலாம்"னு முடிச்சு வெச்சாங்க.

கோயம்புத்தூர்ல ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மாவுக்கு நாப்பது வயசு இருக்கும். சித்தப்பாவைப் படுக்க வெச்சு வயித்தைப் பாத்தாங்க, கழுத்துலயும் அக்குள்லயும் நெறி கட்டியிருக்கான்னு தடவினாங்க, விதைப்பையைக் கூடப் பாத்தாங்க. சித்தப்பாவுக்கு வெக்கம் தாங்கலை. அதுக்கும் காரணம் இருக்குதுங்க. விதையில சின்னதா ஒரு கட்டி இருந்து, அது வயித்துக்குப் பின்னால இருக்கற நெறியில பரவி இப்படிப் பெரிசாத் தெரியறது உண்டாம். பெரும்பாலும் இளவயசுல வர்றது அது. மருந்துலயே பெரும்பாலும் கட்டுப்படும். அதுக்கான ரத்தப் பரிசோதனையும் தனியா எடுத்தாங்க.

அப்பதான் எனக்கு விஷயம் பிடிபட்டுது. இந்த இடத்துல கட்டின்னா ஒரே நோய் இல்லை. நெறிகள்ல வர்ற லிம்போமாவா இருந்தா கத்தியே வேண்டாம், மருந்துதான். காசநோய்ச் சீழ் முதுகெலும்பு ஓரமாத் தேங்கி நின்னாலும் கட்டியாட்டமே தெரியும். அதுக்குச் சீழை எடுத்துட்டு மாசக்கணக்குல மாத்திரை. இரைப்பை, குடல் சுவர்ல கிளம்பற ஜிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இமாட்டினிப்னு ஒரு மாத்திரை நல்லாக் கேக்குது, அதைக் குடுத்துக் கட்டியைச் சுருக்கிட்டு அப்புறம் அறுக்கறதும் உண்டு. அட்ரினல் சுரப்பியில வர்ற ஒரு வகைக் கட்டியில முன்கூட்டியே தயார் பண்ணாம ஊசி குத்தினா பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்து. இத்தனையும் வெளிய இருந்து பாத்தா ஒரே தொப்பைதான். பேர் தெரியாம வயித்தைத் திறக்கறதுங்கறது, இலை மஞ்சளாயிடுச்சுன்னு கடைக்காரர் குடுத்த மருந்தை எல்லாம் கலந்து அடிக்கற வேலை. மஞ்சள் வெள்ளாமையில இலை பழுக்கறது கிழங்கு அழுகலாலயும் வரும், இரும்புச்சத்து இல்லாமலும் வரும், தண்ணி தேங்கினாலும் வரும்.

சித்தப்பாவுக்கு இடது அட்ரினல் சுரப்பி ஸ்கேன்ல தனியாத் தெரியலை, கட்டியோட ஒட்டி இருந்துது. அதனால 24 மணி நேர மூத்திரத்தை ஒரு கேன்ல பிடிச்சுக் கொண்டாரச் சொன்னாங்க. மனுசன் மருந்துக் கேனுக்குப் பேர் எழுதி வெக்கற மாதிரி அதுலயும் பெயிண்டுல பேர் எழுதி, காட்டுக்குள்ள போறப்பவும் கையோட தூக்கிட்டுப் போனார். மஞ்சள் வெட்ட வந்த பொம்பளைங்க அதைப் பாத்துச் சிரிச்சாங்க. அந்த ரிசல்ட் சரியா வந்த பிறகுதான் ஊசிக்கே தேதி குடுத்தாங்க.

ஊசின்னா பெரியத்தை பயந்த மாதிரி இல்லை, அதே சமயம் சாதாரணமும் இல்லை. ஸ்கேன் மிஷின்லயே குப்புறப் படுக்க வெச்சு, மரப்பு ஊசி போட்டு, முதுகுப் பக்கமா உள்ள போறாங்க. வயித்துப் பக்கமா குத்தினா குடல் இருக்கற பையைத் தாண்டிப் போகணும், அங்க செல் சிந்திட வாய்ப்பு. முதுகுப் பக்கமாப் போனா அந்தப் பையைத் தொடாமலே கட்டிக்குப் போயிடலாம். முதல்ல ஒரு குழாய் ஊசி, அது வழியா இன்னொரு ஊசி. அந்தக் குழாய் அசையாம நிக்கிறதால நாலஞ்சு துண்டு எடுத்தாலும் சதைக்குள்ள பாதை ஒண்ணுதான். இப்படி எடுத்தா ஊசிப் பாதையில நோய் பரவறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு டாக்டரம்மா பெரியத்தைக்கே போன்ல சொன்னாங்க. பெரியத்தை நம்பலை, ஆனா அழுகையை நிறுத்தினாங்க.

துண்டு எங்க எடுக்கறதுங்கறதுதான் இதுல முக்கியம். நீங்க யாராச்சும் மாடித்தோட்டத்து மண்ணையாவது பரிசோதனைக்கு அனுப்பியிருந்தா தெரியும். வரப்போரம் எடுக்கக் கூடாது, மர நிழல்ல எடுக்கக் கூடாது, எருக்குப்பை கொட்டின இடத்துல எடுக்கவே கூடாது. பல இடத்துல வி மாதிரிக் குழி வெட்டி, சுரண்டி எடுத்து, எல்லாத்தையும் கலந்து, கால் கால் பாகமாக் கழிச்சு அரை கிலோ அனுப்புவோம். மொத்தக் காட்டுக்கும் சராசரி வேணும் நமக்கு. இங்க சராசரி வேலைக்காகாது. சித்தப்பாவோட கட்டியில பெரும்பகுதி பாக்க வெறும் கொழுப்பு. ஒரு ஓரத்துல மட்டும் எட்டு சென்டிமீட்டருக்குக் கெட்டியா, ரத்த ஓட்டத்தோட ஒரு பகுதி. கொழுப்புல ஊசி விட்டா சாதுவான பேர் வரும். கெட்டியான இடத்துலதான் நோயோட உண்மையான குணம் இருக்கும். எங்க குத்தறதுன்னு சர்ஜனும் ஸ்கேன் டாக்டரும் படத்தை முன்னால வெச்சுப் பேசி முடிவு பண்ணினாங்க. வெறும் மெல்லிய ஊசியில உறிஞ்சி எடுக்கற பரிசோதனை இதுக்குப் பெரும்பாலும் போதாது, முழுத் துண்டு வேணும்.

அந்தத் துண்டு ஃபார்மலின்ல ஊறி, மெழுகுல பதிஞ்சு, கண்ணாடியில சீவி வெக்கப்பட்டு, சாயம் ஏத்தி பாக்கறதுக்குள்ள பத்து நாளுக்கு மேல ஆச்சு. முதல்ல, கொழுப்புல இருந்து வர்ற லிப்போசார்கோமாவா இருக்கலாம், உறுதிப்படுத்த ஃபிஷ் டெஸ்ட் வேணும்னு சொன்னாங்க. சின்னம்மா என்னைப் பாத்து, "மீனெல்லாம் எதுக்குடா, பங்குனியில கோயில் நோம்பி வருது"ன்னாங்க. ஒளிரும் சாயம் போட்டு ஜீனை எண்ற பரிசோதனைக்கு அந்தப் பேர். மனுச உடம்புல 12ஆம் நம்பர் குரோமோசோம்ல எம்.டி.எம்.2ன்னு ஒரு ஜீன் இருக்கு. சாதாரண செல்லுல அது ரெண்டு பிரதிதான். லிப்போசார்கோமாவோட இந்த வகையில அது பெருகிக் கிடக்கும். வெறும் கொழுப்புக் கட்டிக்கும் இதுக்கும் மைக்ராஸ்கோப்புல வித்தியாசம் தெரியாத நேரத்துல இந்த எண்ணிக்கைதான் சாட்சி. உங்களுக்கு முதுகுலயோ கையிலயோ கொழுப்புக் கட்டி இருந்தா இதைப் படிச்சுட்டுப் பயப்படாதீங்க, தோலுக்கடியில வர்றது ஏறத்தாழ எல்லாமே சாது. வயித்துக்குப் பின்னால அவ்வளவு பெரிசா வர்றதைத்தான் சந்தேகத்தோடயே பாக்கணுங்கறாங்க.

பெரியவங்களுக்கு வர்ற புற்றுநோய் நூறுல சார்கோமா ஏறத்தாழ ஒண்ணுதானாம். அதுலயும் வயித்துக்குப் பின்னால வர்றது சின்னப் பங்கு. சார்கோமான்னு சொன்னாலும் அதுக்குள்ள ஐம்பதுக்கும் மேல வகை. அதனால பல நோய்க்கூறு டாக்டர்கள் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் பாப்பாங்க. மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி இன்னொரு இடத்துல காட்டலாம், அது நம்ம உரிமை. பாத்துப் பழகினவங்க கண்ணுல வகை மாறறது நிறைய நடக்குதுன்னு அந்த டாக்டரம்மாவே சொல்லி, எங்க மெழுகுக் கட்டியை வேற ஊருக்கும் அனுப்பினாங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே பேர் வந்துது: டீடிஃபரன்ஷியேட்டட் லிப்போசார்கோமா. கொழுப்புக்குள்ளயே ஒரு பகுதி வேகமா வளர்ற குணத்துக்கு மாறிட்டதுன்னு அர்த்தம். இந்த நோய் பரவினா முதல்ல பாக்க வேண்டிய இடங்கள்ல ஒண்ணு நுரையீரல்ங்கறதால நெஞ்சுக்கும் ஸ்கேன். அங்க ஒண்ணுமில்லை.

ஊருக்குள்ள புற்றுநோய்னு நேராச் சொல்ல மாட்டாங்க. "பெரிய சீக்கு", இல்லைன்னா "அந்தச் சீக்கு". சின்னம்மா என்கிட்ட, அவருக்குத் தெரிய வேண்டாம், கட்டின்னு மட்டும் சொல்லிக்கலாம்னு சத்தியம் வாங்காத குறை. டாக்டரம்மா ஒத்துக்கலை. "கையெழுத்துப் போடறவர் அவர். என்னத்துக்குப் போடறோம்னு தெரிய வேண்டாமா?"ன்னு கேட்டுட்டு, நாற்காலியை அவர் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னாங்க. கட்டியை உடைக்காம, அதோட ஒட்டியிருக்கற இடது கிட்னி, பெருங்குடல்ல ஒரு பகுதி எல்லாத்தையும் சேத்து ஒரே கட்டாத்தான் எடுக்கணும். முதல் தடவை முழுசா எடுக்கறதுதான் நல்ல வாய்ப்பு. பாதி எடுத்து மீதியை விட்டா அடுத்த தடவை கஷ்டம். முழுசா எடுத்தாலும் அதே இடத்துல திரும்ப வரலாம். வலது கிட்னி தனியாத் தாங்குமான்னு பாத்துட்டுத்தான் செய்வோம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அவங்க மேசையில இருந்த பேப்பர்வெயிட்டையே பாத்துட்டிருந்தார். "ஏனுங்கம்மா, நீங்க இந்த மாதிரி எத்தனை எடுத்திருக்கீங்க?"ன்னார். அவங்க எண்ணிக்கையைச் சொன்னாங்க. "சரிங்க"ன்னு பேனாவைக் கேட்டார். எங்க வீட்டுல இத்தனை பேர், இத்தனை நாள்ல, அந்தக் கேள்வியை ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை.

ஏப்ரல்ல ஆபரேஷன். காலையில எட்டு மணிக்கு உள்ள போனவர் சாயங்காலம் நாலு மணிக்கு வெளிய வந்தார். கிட்னியோட சேத்து அஞ்சரை கிலோ. எடுத்ததுக்கு மேல மை பூசி, ஓரம் எல்லாம் சுத்தமா இருக்கான்னு மறுபடியும் ஒரு பரிசோதனை. ஒரு இடத்துல ஓரம் ரொம்ப ஒட்டி இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுக்குத்தான் அடிக்கடி ஸ்கேன் பாக்கணும். ஆபரேஷன் செலவுல பெரும்பங்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில போச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அலைஞ்ச டெஸ்ட்டுகளுக்கெல்லாம் கைக்காசு. விலை வரட்டும்னு இருப்பு வெக்கற மஞ்சளை வெந்து காஞ்ச சூட்டோட வித்தோம்.

இப்ப 57 கிலோ இருக்கார். நாலு இட்லி சாப்பிடறார். மண்வெட்டி பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, அதனால வரப்பு மேல நின்னுட்டு மத்தவங்க பிடிக்கறதுல குத்தம் கண்டுபிடிக்கறார். முதல் ஸ்கேன் ஆகஸ்ட் 18. கீழ்பவானி வாய்க்கால்ல வழக்கமா 15ஆம் தேதி தண்ணி திறப்பாங்க. நம்ம முறை எந்த நாள்னு தெரியலை, ஸ்கேனை ஒரு வாரம் தள்ளி வெக்க முடியுமான்னு டாக்டரம்மாகிட்ட கேளுன்னு நேத்து பொழுதோட வந்து சொன்னார். நான் கேக்கலை. மடையில நிக்கறதுக்கு ஆள் சொல்லி வெச்சிருக்கேன்.